ஆளற்ற கரை என்று எழுதியவர்களுக்கு

சென்ற ஆண்டு சென்னைக் கலைக்கூடம் ஒன்றில் நடைபெற்ற நவீனச் சிற்பக் கண்காட்சியைக் காண மாணவர் சிலரோடு சென்றிருந்தோம். கலைக்கூடத்தின் பெயரும் கலைஞரின் பெயரும் இங்கு வேண்டா. நமது வழக்கு ஒருவரோடு அன்று, ஒரு வழக்கத்தோடு.

கூடத்தின் நடுவே ஆளுயர வெண்கலக் கைக்கோடரி நின்றது. பழங்கற்கால மனிதர் உள்ளங்கைக்குள் பிடித்திருந்த கருவியை ஆறடிக்கு வளர்த்திருந்தார் கலைஞர். அதற்கடுத்து, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களின் கண்ணாடியிழை வார்ப்பு. மூன்றாவதாக, கருங்கல் துண்டுகளால் அமைத்த ஒரு கல்வட்டம். பார்வைக்கு அழகாகவே இருந்தன, அதை மறுக்கவில்லை. கையேட்டைப் பிரித்தபோதுதான் தொல்லை தொடங்கியது. கைக்கோடரி ‘ஆரம்பாக்கத்தில் கிடைத்த, உலகின் மிகப் பழைய தமிழ்க் கருவி’யிலிருந்து அகத்தூண்டல் பெற்றதாம். எலும்புக்கூடுகளோ பழவேற்காட்டு ஏரியின் ‘ஆளற்ற கரை’யில் கலைஞர் கண்ட தனிமையின் வடிவமாம்.

நம்மோடு வந்த மாணவருள் ஒருவர் ஆரம்பாக்கத்தை அடுத்த மீனவக் குப்பமொன்றிலிருந்து கல்லூரிக்கு வருபவர். அவர் கையேட்டை இருமுறை படித்துவிட்டு நம்மிடம் கேட்டார்: “எங்க ஊர்லயா ஐயா கோடாரி கிடைச்சுது? யாரும் சொல்லலையே!” சற்றுப் பொறுத்து, “ஆளற்ற கரைன்னு போட்டிருக்காங்க. அப்ப நாங்கள்லாம் யாரு?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆயினும் அக்கேள்விக்கு அங்கேயே விடை கூற நம்மால் இயலவில்லை.

பிழையைச் சுட்டிக் கலைக்கூடத்துக்கு மடல் எழுதினோம். படைப்புச் சுதந்திரத்தில் தலையிட வேண்டா என்று இரண்டு வரியில் மறுமொழி வந்தது. அந்த இரண்டு வரிகளுக்கான நமது மறுமொழியே இக்கட்டுரை.

முதலில் பிழையைத் திருத்திவிடுவோம். கைக்கோடரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆரம்பாக்கம் அன்று, அத்திரம்பாக்கம். இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. ஒற்றுமை அத்தோடு முடிகிறது. ஆரம்பாக்கம் ஆந்திர எல்லையில், பழவேற்காட்டு ஏரியின் மேற்கே இருக்கிறது. அத்திரம்பாக்கம் பூண்டிக்கு அருகே, கொசத்தலையாற்றுப் படுகையைச் சேர்ந்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார். பின்னர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் அங்கு மேற்கொண்ட அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என அவை கூறின. அதே இடத்தில் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018-இல் மற்றோர் ஆய்வுரை வெளிவந்தது.

பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழும் இல்லை, தமிழரும் இல்லை. இன்றைய மனித இனமே அப்போது தோன்றவில்லை. அக்கருவியைச் செதுக்கிய கை நமக்கு முற்பட்ட வேறோர் இனத்தின் கை. வியப்பே அங்குதான் இருக்கிறது. மொழிக்கு முன்பு, இனப் பெயர்களுக்கு முன்பு, ஒரு கல்லை இருபுறமும் ஒத்திசைவாகச் செதுக்கத் தெரிந்த ஓர் உயிர் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தது. ‘தமிழ்க் கருவி’ என்ற சொல் அந்த வியப்பை ஒரு மேடை முழக்கமாகச் சுருக்கிவிடுகிறது. இதில் கலைஞரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ‘கல் தோன்றி மண் தோன்றா’ என்று மேடைதோறும் கைதட்டல் வாங்கிப் பழக்கியவர்கள் தமிழ் படித்தவர்களாகிய நாம்தாம்.

ஊர்ப் பெயர் மாறினால் கலைக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்பார் உளர். எலும்புக்கூட்டு வாயிலை எடுத்துக்கொள்வோம்.

டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரை வாணிகத்தின் தலைமையிடமாக 1690 வரை அது விளங்கியது. இன்று கோட்டை இருந்த இடம் அகழி சூழ்ந்த புதர் மேடு. எஞ்சியிருப்பது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டமே. அங்குள்ள கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் கொடிவேலைகளும் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. வாயிலில் எலும்புக்கூடுகள். ‘நீயும் ஒருநாள் சாவாய்’ என்று நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியக் கல்லறைக் கலையின் மரபு. நமது கலைஞர் கண்டதும் அவ்வளவே. ஐரோப்பாவின் எந்தக் கல்லறை வாயிலிலும் அவர் இதே பொருளைக் கண்டிருக்கலாம்.

ஆனால் இது பழவேற்காடு. பதினேழாம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்ச காலங்களில், இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர்களுக்குச் சின்னம் பொறித்த கல்லறை உண்டு. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு செங்கல்லும் இல்லை. சாவு அனைவரையும் சமமாக்கும் என்று சொல்லும் அந்த எலும்புக்கூடுகளை இந்த வரலாற்றின் நடுவே நிறுத்திப் பாருங்கள். எவ்வளவு பெரிய பொய்யைக் காவல் காக்கின்றன அவை! இதைவிடக் கூர்மையான பொருள் ஒரு சிற்பிக்கு எங்கே கிடைக்கும்? அதைக் கைவிட்டுவிட்டுத் ‘தனிமை’யை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். இடத்தை அறியாமை அறத்தின் பிழை மட்டுமன்று. கலையையும் அது மெலிய வைக்கிறது. அந்த வார்ப்பு பார்ப்பதற்கு அழகாகவும் நினைப்பதற்கு ஒன்றுமில்லாததாகவும் இருந்ததன் காரணம் இதுவே.

இனி ‘ஆளற்ற கரை’க்கு வருவோம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இரு மாநிலங்களில் பரந்து, கரையெங்கும் குப்பங்களைக் கொண்டது. அங்கே மக்கள் இருக்கிறார்கள் என்பதோடு நில்லாமல், நீரிலிருந்து யார், எங்கே, எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். ‘பாடு’ என்பது அதன் பெயர். முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைப் பழைய மீனவ ஊர்கள் தமக்குள் பங்கிட்டு, சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை கட்டுகின்றன. இன்று உன் பாடு, நாளை என் பாடு. முறை தவறி வலை போட்டவர் ஊருக்கு விடை சொல்ல வேண்டும்.

பாட்டு முறையைப் பொற்காலமாக்கிக் காட்ட நாம் விரும்பவில்லை. அவ்வுரிமை குறிப்பிட்ட சமூகத்துக்குள்ளேயே சுழல்கிறது. சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிழைக்கும் இருளர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். எனினும் அதன் அடிப்படையில் ஓர் ஒழுங்கு உண்டு: பொதுவிலிருந்து எடுப்பவர் அந்தப் பொதுவுக்குக் கடமைப்பட்டவர். தமிழில் பாடு என்ற சொல்லே உரிமையையும் உழைப்பையும் துன்பத்தையும் ஒருசேரக் குறிப்பது.

தொல்சின்னங்களும் அத்தகைய பொதுதான். அதிலிருந்து வடிவத்தை எடுக்கும் நவீனக் கலைஞருக்கு மட்டும் பாடு கிடையாதா? ஒரு பிற்பகல் வந்து, படம் எடுத்து, நகரத்தில் வார்த்து, விலை குறித்துவிட்டு, எடுத்த இடத்தை ‘ஆளற்றது’ என்றும் எழுதிவிடலாமா? ஆளற்றது என்று சொல்லிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடலோடி வந்த கம்பெனிகள் அன்று கரைகளைக் கைக்கொண்டபோது பயன்பட்டதும் இதே சொல்தான்.

இதற்கு வழக்கமாக மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, கலை வேறு தொல்லியல் வேறு என்பது. உண்மை. சிற்பி ஆய்வறிக்கை எழுத வேண்டுமென யாரும் கேட்கவில்லை. ஹென்றி மூர் 1921-இல், மாணவராக இருந்தபோது, ஸ்டோன்ஹெஞ்சை நிலவொளியில் கண்டார். அரை நூற்றாண்டு கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், அக்கற்களைக் கல்லச்சுப் படங்களாக வரைந்தார். அவற்றில் அளவுகோல் இல்லை, காலக் கணக்கு இல்லை; ஆனால் அவை ஸ்டோன்ஹெஞ்சின் கற்களே. ஐம்பது ஆண்டுகள் ஒரு கல்லை மனத்தில் சுமந்தவருக்கு அதன் ஊர்ப் பெயர் மாறாது.

இரண்டாவது, கலைஞனுக்கு விளையாட உரிமை உண்டு என்பது. அதுவும் உண்மையே. 2012-இல் ஜெரமி டெல்லர் அதே ஸ்டோன்ஹெஞ்சைக் காற்றடைத்த பெரிய மெத்தையாகச் செய்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார். ‘புனிதக் கேடு’ என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார். குழந்தைகள் அதன்மேல் குதித்தனர். இது கேலிதான். ஆனால் எழுபதுகளின் இறுதியிலிருந்து மூலக் கற்களின் நடுவே பொதுமக்கள் விருப்பம்போல் நடமாட முடியாமல் தடுக்கப்பட்டிருந்தது. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு கல்வட்டத்தின் உள்ளே புகுந்து ஆடும் வாய்ப்பை அந்தக் கேலி தந்தது. விளையாட்டும் ஓர் இடத்தின் சிக்கலை அறிந்து விளையாடப்பட்டது.

மூன்றாவது, சிதைவுகள் மனித குலம் முழுமைக்கும் சொந்தம், உள்ளூராருக்குத் தனியுரிமை ஏது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனித குலம் முழுமைக்கும் சொந்தமானது என்று சொல்பவர்கள் எடுக்கும்போது மட்டுமே மனித குலமாகிறார்கள். காக்க வேண்டிய வேளையில் அவை உள்ளூராரின் பாடாகிவிடுகின்றன.

மேலூர்ப் பகுதியை நினைத்துப் பாருங்கள். பழந்தமிழ்க் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் கொண்ட அரிட்டாபட்டி, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானபோது தெருவுக்கு வந்தவர்கள் யார்? சுற்றுவட்டார ஊர் மக்கள். 2025 சனவரியில் மதுரை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். அதே மாதம் ஏலம் நீக்கப்பட்டது. கலையுலகிலிருந்து எழுந்த குரல்களுக்கு நமது வணக்கம். ஆயினும் மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் இல்லையேல், அந்தப் பாறைகளின் வடிவத்தை வரைவதற்கு நாளை பாறைகளே இருந்திரா.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. நம் பக்கத்திலேயே இரு சான்றுகள் உள்ளன.

2012 திசம்பரில் தொடங்கிய முதல் கொச்சி-முசிறி பினாலேயில் விவான் சுந்தரம் ‘கறுப்புப் பொன்’ என்ற படைப்பை வைத்தார். சங்கப் புலவர் பாடிய முசிறியோடு தொடர்புடையதாக ஆய்வாளர் கருதும் பட்டணம் என்ற ஊரில், கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழாய்வு நடத்தியது. அதில் ஆய்வுக்குப் பயன்படாதென ஒதுக்கப்பட்ட பானையோடுகளைக் கொண்டே ஒரு நகரத்தைத் தரையில் கட்டினார் அவர். நீர் புகுந்து நகரம் மூழ்குவதும் மிளகு மிதப்பதும் காணொளியாயின. ஓடு எந்த ஊரின் ஓடு, எந்த அகழ்வின் ஓடு என்பதில் மறைப்பில்லை. படைப்பு முதலில் வைக்கப்பட்ட இடமும் அந்த ஊருக்கு அண்மையிலுள்ள கொச்சியே. 2023-இல் அவர் மறைந்தார். அப்படைப்பு எழுப்பிய கேள்வி மறையவில்லை.

மற்றொன்று யாழ்ப்பாணத்திலிருந்து. போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் அங்கு வைத்திருந்த நிலப் பதிவேட்டுக்குத் ‘தோம்பு’ என்று பெயர். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தர்தாம். ஓவியர் தா. சனாதனன் அச்சொல்லை எடுத்து, ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் நூலை 2011-இல் ஆக்கினார். போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் சென்று, அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்தே வரையச் செய்தார். அவ்வரைபடமும், அதன் கட்டட வரைபடமும், அதிலிருந்து எழுந்த தம் ஓவியமும் அடுத்தடுத்து வருமாறு அமைத்தார். அவை தொன்மையான சிதைவுகள் அல்ல, நேற்றைய சிதைவுகள். எனினும் முறை நமக்குப் பாடமாகிறது: சிதைவுக்கு உரியவரே முதற்கோட்டை வரைந்தார், கலைஞரின் கோடு அதன் பின்னே வந்தது. கலைஞர் இதனால் சிறுத்துப்போகவில்லை.

நம் மரபும் இதையே சொல்கிறது. நடுகல்லுக்குக் கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கல்லில் வீழ்ந்தவன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டன. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட பழந்தமிழ் எழுத்துக் கொண்ட நடுகற்கள், இலக்கியம் கூறியது வெறுங்கற்பனை அன்று என மெய்ப்பித்தன. அக்கற்களில் யாருக்காக நட்டனரோ அவர் பெயர் இருக்கிறது. செதுக்கியவர் பெயரைக் காணோம். கலைக்கூடத்துக் கல்வட்டத்தில் செதுக்கியவர் பெயர் மட்டுமே இருக்கிறது. யாருடைய ஈமக்கல் அது என்பதைக் காணோம். செதுக்கியவர் பெயரை மறைக்க வேண்டுமென்று சொல்லவில்லை. இரண்டு பெயர்களுக்கும் கல்லில் இடமிருக்கிறது என்கிறோம்.

நமது பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வகுப்பில் நடுகல் துறையையும் முதுமக்கள் தாழியையும் நடத்துகிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து அமிர்தமங்கலத்தில் 1955-இல் தொல்லியல் துறை தாழிகளை அகழ்ந்தது. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தது. இவையெல்லாம் நம் மாணவர் வீட்டிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளவை. ஆயினும் சுற்றுலா என்றால் மாமல்லபுரத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். கையேட்டில் அத்திரம்பாக்கம் ஆரம்பாக்கம் ஆனபோது, நம்முடன் வந்த ஒன்பது மாணவரில் எட்டுப் பேர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒருவரும் அது தம் ஊர் என்பதால் கவனித்தவர். இந்தக் கணக்கில் கலைக்கூடத்தைவிட நாமே அதிகம் தோற்றிருக்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது தடையும் தணிக்கையும் அல்ல. மூன்றே கடமைகள். எடுத்த இடத்தின் பெயரையும் கண்டவர் பெயரையும் பிழையின்றிச் சொல்லுங்கள். அந்த இடத்துக்குக் கேடு வரும்போது, அதிலிருந்து வடிவம் எடுத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரையும் இட்டுப் பேசுங்கள். படைப்பு முடிந்ததும், விற்கும் முன், அதை அந்த ஊருக்கு ஒருமுறை எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு நாள் வைத்தால் போதும். அவர்கள் முகம் சுளிக்கலாம், சிரிக்கலாம், ‘இது எங்க வாசலே இல்லையே’ என்றும் சொல்லலாம். எந்தத் திறனாய்வாளரும் தர இயலாத திறனாய்வு அது. பொருட்செலவு கூடுமே என்பார்க்கு, ஆறடி வெண்கலத்தின் விலையில் அது எத்தனை பங்கு என்று கணக்கிட்டுச் சொல்ல நாம் அணியமாக இருக்கிறோம்.

அந்த மாணவர் இப்போது தம் குப்பத்தின் முதியவர்களிடம் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் கோட்டை மேட்டைப் பற்றியும் வழங்கும் கதைகளைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. எலும்புக்கூட்டு வாயிலை மறுபடி செய்ய நினைக்கும் சிற்பி எவரேனும் இருந்தால் அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம். காட்டுவதற்கு அவருக்குத் தடையில்லை.

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை செல்லும் புறநகர் வண்டி ஆரம்பாக்கத்தில் நிற்கிறது. இறங்கி, ஏரிக்குப் போகும் வழி எது என்று கேளுங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள்.